பாத்ரூம் ஆன்ட்டி பார்த்த பள்ளிக்கூடங்கள்

பெங்களூரில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்று நல்லதா கெட்டதா என்று அடித்துச் சொல்லக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் கல்வி அதிகாரி இல்லை, ஆசிரியை இல்லை. எங்கள் வீட்டுக் கீழ் போர்ஷனில் குடியிருந்த பாத்ரூம் ஆன்ட்டி. இந்த ஊரில் அவர் உள்ளே போய்ப் பார்க்காத பெண்கள் பள்ளிக் கழிப்பறை ஒன்று இருக்கிறதென்றால், அந்தப் பள்ளியை இன்னும் கட்டி முடிக்கவில்லை என்று அர்த்தம்.

அவருக்கு முறையாக ஒரு பெயர் உண்டு. ரேஷன் கார்டில் இருக்கும். ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. கூரியர் பையன்கூட "பாத்ரூம் ஆன்ட்டி வீடு இதானா?" என்றுதான் கேட்பான். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆன்ட்டி கொஞ்சமும் கூச்சப்படாமல் வெளியே வந்து கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கிக்கொண்டார்.

"கோவம் வரலியா ஆன்ட்டி?" என்றேன்.

"இன்னாத்துக்குக் கோவம்? கலெக்டர் ஆன்ட்டின்னு கூப்ட்டா மட்டும் கார் அனுப்பப் போறாங்களா?"

ஆன்ட்டி கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்தை மூடிய பிறகு குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்து, பீன்யாவில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் கனடாவில். வருடக்கணக்காகத் தையல் மெஷின்களின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, அவருடைய தொண்டை அந்த அளவிலேயே நின்றுவிட்டிருந்தது. அவர் காதோடு காதாக ஒரு ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் நாய் எழுந்து நிற்கும்.

நாங்கள் திருவண்ணாமலையிலிருந்து வந்து மேல் போர்ஷனில் பால் காய்ச்சிய அன்று ஆன்ட்டி படியேறி வந்தார். வழக்கமாக வருகிறவர்கள் பூஜை அறையைப் பார்ப்பார்கள், சமையலறையைப் பார்ப்பார்கள். ஆன்ட்டி நேராக பாத்ரூமுக்குப் போனார். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், திறந்து பார்த்தார், குழாயைத் திருகினார், ஜன்னலை எம்பிப் பார்த்தார். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாழலாம்மா" என்றார்.

கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் பெண் எப்படி, மாப்பிள்ளை எப்படி, சாப்பாடு எப்படி என்று நாம் கேட்போம். ஆன்ட்டியிடம் கேட்டால், "மண்டபத்துல லேடீஸ் சைடு பக்கெட்டே இல்ல. இவங்க இன்னா குடும்பம் நடத்தப் போறாங்க?" என்பார். அந்தத் தம்பதி இன்றைக்கும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். ஆன்ட்டியின் ஜோசியம் எல்லாச் சமயமும் பலிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை.

இப்படிப்பட்டவரிடம் நாங்கள் மாட்டியது எங்கள் மகள் கயல் ஏழாம் வகுப்பு முடிக்கும்போது. அவள் படித்த பள்ளி ஏழாவதோடு சரி. எட்டாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் இந்த ஊரில் உயர்நிலைப் பள்ளி என்று தனியாகத் தேட வேண்டும். கயல் சுமாராகப் படிப்பாள். நர்சரியிலிருந்து அவளுடைய ரிப்போர்ட் கார்டில் ஒவ்வொரு ஆசிரியையும் 'குட், கேன் டூ பெட்டர்' என்று எழுதி வந்திருக்கிறார்கள். ஆசிரியைகள் மாறினார்கள், பேனா மாறியது, அந்த வரி மாறவில்லை.

முதல் ரேங்க் வாங்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேட வேண்டியதில்லை, பள்ளிக்கூடமே தேடி வரும். படிப்பே ஏறாத பிள்ளைக்கு டியூஷன், ஆலோசனை, கோயிலில் அர்ச்சனை என்று ஊரே கூடி உதவி செய்யும். நடுவில் இருக்கிற பிள்ளைக்குத்தான் நாதியில்லை. எந்தப் பள்ளிக்குப் போனாலும் கயலின் மார்க்கைப் பார்த்துவிட்டு, சாம்பாரில் உப்பு கொஞ்சம் குறைகிற மாதிரி ஒரு முகம் காட்டினார்கள்.

பெண்கள் பள்ளிதான் வேண்டும் என்று சொன்னது கயல். ஏன் என்று கேட்டேன்.

"கோ-எட்ல பாய்ஸ் ஆன்சர கத்திடறாங்கம்மா. நான் யோசிச்சு முடிச்சு கை தூக்கறதுக்குள்ள மிஸ் அடுத்த கொஸ்டினுக்குப் போயிடறாங்க. இப்ப நான் கையே தூக்கறதில்ல."

இதைச் சொல்லிவிட்டு அவள் தோசையைப் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். எனக்குத்தான் அதற்கப்புறம் தோசை இறங்கவில்லை. கொஞ்ச நாளாகவே வீட்டிலும் அவள் பேச்சு குறைந்துகொண்டு வந்தது. யாராவது எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டால் "நான் ஆவரேஜ்" என்று, அதுதான் தன் பெயர் என்பதுபோல் சொல்வாள். பள்ளியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் இருக்கிற கொஞ்சநஞ்சப் பேச்சும் போய்விடும் என்று பயந்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஐ.டி.யில் இருக்கிறார். எதையும் கம்ப்யூட்டரில் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். ஒவ்வொரு பள்ளிக்கும் ஜனங்கள் எத்தனை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று ராத்திரியெல்லாம் பார்த்தார். ஒரு பள்ளிக்கு எக்கச்சக்கமான நட்சத்திரம். நான் எட்டிப் பார்த்தேன். 'பார்க்கிங் வசதி நன்று' என்று எழுதியிருந்தார்கள்.

ஒரு நாள் ஒரு பள்ளியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது படிக்கட்டில் ஆன்ட்டி மறித்தார்.

"எப்டிமா இருந்துச்சி ஸ்கூலு?"

"நல்லா இருக்கு ஆன்ட்டி. லைப்ரரி பெருசா இருக்கு."

"பாத்ரூம் பாத்தியா?"

"இல்ல ஆன்ட்டி."

"லைப்ரரிக்கு வாரத்துல ஒரு பீரியடு போவா. இதுக்கு டெய்லி போவணும் இல்ல? நாளிக்கு நானும் வரேன், இரு."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அவர் எந்தப் புடவை கட்டுவது என்று பீரோவைத் திறந்துவிட்டார்.

ஆன்ட்டியின் ரகசியக் குரல் ஊருக்கே கேட்கும் என்பதால் முன்கூட்டியே ஒரு சைகை பேசிவைத்துக்கொண்டோம். பார்த்துவிட்டு வரும்போது முந்தானையை இடுப்பில் செருகியிருந்தால் பள்ளி ஃபெயில். தோளில் தழையத் தழைய விட்டிருந்தால் பாஸ்.

ஆன்ட்டியோடு போன முதல் பள்ளியில் பிரின்சிபால் அறை ஐஸ் பெட்டிபோல் இருந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார், பட்டுப்புடவையில் ஜம்மென்று நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆன்ட்டியைப் பார்த்தார்.

"அண்ட் யூ ஆர்?"

"பொண்ணுக்குப் பெரீம்மா" என்றார் ஆன்ட்டி. மேசை மேலிருந்த கண்ணாடி டம்ளர் அதிர்ந்தது.

பிரின்சிபால் கயலிடம் உன் லட்சியம் என்ன என்று கேட்டார். கயல் மின்விசிறியைப் பார்த்தாள். அந்தச் சமயம் பார்த்து ஆன்ட்டி கையை உயர்த்தினார். கையை அல்ல, சுண்டு விரலை. நாமெல்லாம் ஒண்ணாங்கிளாஸில் மிஸ்ஸிடம் காட்டுவோமே, அதே சுண்டு விரல்.

வீட்டுக்காரர் வீட்டுச் சாவியைக் கீழே போட்டுவிட்டு அதைத் தேடும் சாக்கில் மேசைக்கடியில் போய்விட்டார். ஆனால் பிரின்சிபால் ஆசிரியையாக எத்தனை வருடம் இருந்தவரோ, விரலைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில், "யெஸ், கோ. ரன்னிங் கூடாது" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

ஆன்ட்டி திரும்பி வந்தபோது முந்தானை இடுப்பில் இறுகச் செருகியிருந்தது. வெளியே வந்ததும் வெடித்தார்.

"தாழ்ப்பாளே இல்லமா! பொண்ணுங்க ஜோடி ஜோடியா போவுதுங்க. ஒருத்தி உள்ள, ஒருத்தி வெளிய கதவ இஸ்துப் புடிச்சிக்கினு நிக்கிறா. நம்ம கொயந்தைக்கு அங்க ஒரு ஃப்ரெண்டு கெடைக்கற வரிக்கும் இன்னா பண்ணுவா, அடக்கிக்கினே உக்காந்திருப்பாளா?"

கயல் ஆன்ட்டியை வியப்போடு பார்த்தாள். அவளுக்கு இது புதிது. இதுவரை எல்லோரும் அவள் மார்க்கைப் பற்றித்தான் கவலைப்பட்டிருந்தார்கள்.

இரண்டாவது பள்ளியில் நடந்ததை நான் எங்கேயும் சொன்னதில்லை. ஆன்ட்டி தன் வழக்கப்படி டார்ச்சும் கையுமாகப் போய், ஃபிளஷ்ஷை அழுத்திவிட்டு, தொட்டி மறுபடி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதை ஒரு ஆபீஸ் கிளார்க் பார்த்துவிட்டார். பட்டுப்புடவை, டார்ச், கடிகாரம், சத்தமான அதிகாரக் குரல். கல்வித் துறையிலிருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வந்துவிட்டது என்று முடிவு கட்டி ஓடியிருக்கிறார்.

நாங்கள் வரவேற்பறையில் எங்கள் முறைக்குக் காத்திருந்தோம். எதிரே கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், ஆன்ட்டி நடுவில் நடந்து வருகிறார், இரண்டு பக்கமும் பிரின்சிபாலும் வைஸ் பிரின்சிபாலும் கை கட்டிக்கொண்டு வருகிறார்கள். பின்னாலேயே ஒருவர் முந்திரிப் பருப்புத் தட்டோடு வருகிறார். ஆன்ட்டி எங்களைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. போகிற போக்கில் கயல் கையில் மட்டும் கொஞ்சம் முந்திரியைத் திணித்துவிட்டுப் போனார்.

ஆட்டோவில் ஏறியதும் வீட்டுக்காரர், "இது ஆள்மாறாட்டம் ஆன்ட்டி. போலீஸ் கேஸ் ஆகும்" என்றார்.

"நான் எங்க இன்ஸ்பெக்டருன்னு சொன்னேன்? 'வாங்க மேடம்'னாங்க, போனேன். 'டீ சாப்டுங்க மேடம்'னாங்க, சாப்ட்டேன். 'ஏதாவது குறை இருக்கா மேடம்'னாங்க. இருந்துச்சி, சொன்னேன். இதுல இன்னா தப்பு?"

ஒரு வாரம் கழித்து அந்தப் பள்ளியில் எல்லாக் கதவுக்கும் புதுத் தாழ்ப்பாள் போட்டதாகக் கேள்விப்பட்டோம். அப்படியானால் அங்கேயே சேர்த்துவிடலாமே என்றேன். ஆன்ட்டி ஒப்புக்கொள்ளவில்லை. இன்ஸ்பெக்டருக்குப் பயந்து போட்ட தாழ்ப்பாள் எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டார்.

இதற்கிடையில் வீட்டுக்காரர் தன் ஆபீஸ் மேலதிகாரி, அவருடைய சகலை, சகலையின் நண்பர் என்று யார் யாரையோ பிடித்து, எங்கள் பகுதியிலேயே பெரிய பெண்கள் பள்ளி ஒன்றில் ஒரு சீட்டுக்கு வழி செய்துவிட்டார். அந்தப் பள்ளியின் கேட்டே எங்கள் வீட்டைவிடப் பெரிது. கேட்டுக்குப் பக்கத்தில் பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்றவர்களின் புகைப்படங்களோடு ஒரு பிரம்மாண்டமான பேனர். 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று கொட்டை எழுத்து. வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலையில், அந்தப் பேனரில் கயலின் முகத்தை அவரே மனதுக்குள் ஒட்டிப் பார்த்துவிட்டார் என்பது தெரிந்தது. பொய் சொல்வானேன், நானும் ஒட்டிப் பார்த்தேன்.

பிரின்சிபால் கயலின் மார்க்கைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. "ஆவரேஜ்தானே, பரவாயில்ல. வீ வில் புஷ் ஹர்" என்றார். சனிக்கிழமைக்குள் பணம் கட்டிவிட்டால் சீட்டு உறுதி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றப் பள்ளிகளில் இடமெல்லாம் அநேகமாக முடிந்திருந்தது. இதைவிட்டால் கதி இல்லை.

ஆன்ட்டி சுண்டு விரலைத் தூக்கினார். கூடவே கயலும் எழுந்தாள், தனக்கும் போக வேண்டும் என்று. இரண்டு பேரும் போனார்கள்.

போனவர்கள் வரவே இல்லை. வீட்டுக்காரர் கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்து, பிரின்சிபாலோடு பெங்களூர் டிராபிக்கைப் பற்றியும் பேசி முடித்துவிட்டார். நான் தேடிக்கொண்டு போனேன்.

கழிப்பறை பளபளவென்று இருந்தது. தாழ்ப்பாள், தண்ணீர், சோப்பு, நாப்கின் மெஷின், கண்ணாடி, ஒன்றுக்கும் குறையில்லை. ஆன்ட்டி இன்றைக்கு வாயடைத்துப் போயிருப்பார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். உள்ளே திரும்பினால், ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பட்டுப்புடவையோடு ஆன்ட்டி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண், ஒன்பதாவது படிக்கிறவள், அழுது அழுது முகம் வீங்கி நிற்கிறாள். கயல் அந்தப் பெண்ணின் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்கிறாள்.

"இவங்கதான் நம்ம பாப்பா அம்மா. இவங்க கிட்டயும் சொல்லு கண்ணு" என்றார் ஆன்ட்டி. அதிசயமாக, மெதுவான குரலில்.

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "அப்பாவ வரச்சொல்லி இருக்காங்க ஆன்ட்டி. அடுத்த வருஷம் டென்த்த இந்த ஸ்கூல் பேர்ல எழுத வேணாமாம். பிரைவேட்டா எழுதணுமாம், இல்லன்னா டி.சி. வாங்கிக்கணுமாம். நான் ஃபெயிலெல்லாம் இல்ல ஆன்ட்டி. அம்பது, அம்பத்தஞ்சு வாங்கிடுவேன். ஆனா டவுட்டா இருக்கறவங்க எல்லாரையும் இப்பவே எடுத்துடறாங்க."

நூறு சதவீதம் எப்படி வருகிறது என்பது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. கயலுக்கு அந்த ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

நாங்கள் பிரின்சிபால் அறைக்குத் திரும்பியபோது வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவர் பார்வை ஆன்ட்டியின் இடுப்புக்குப் போனது. முந்தானை செருகியிருந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

ஆட்டோவில் எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, கைக்குக் கிடைத்தவர் ஆன்ட்டி. "பாத்ரூம் நல்லாத்தானே ஆன்ட்டி இருந்துச்சு! நீங்க பாட்டுக்குப் பாத்துட்டு வரவேண்டியதுதானே, உள்ள உக்காந்து கதை கேக்கச் சொன்னாங்களா?"

"அங்கதாம்மா கேக்கணும். ரூம்புக்குள்ள எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க. பொண்ணுங்க அயுவறதுக்கு வேற எங்க போவும்?"

கொஞ்ச தூரம் போனதும் அவராகவே பேசினார்.

"எம்பொண்ணு போட்டோவும் இந்தமாரி ஒரு கேட்ல வெச்சாங்கமா. ஃபர்ஸ்டு ரேங்கு. ஃபேக்டரில எல்லாருக்கும் ஸ்வீட்டு குடுத்தேன். எப்பவும் வவுத்து வலின்னுவா. படிக்க மாட்டாம சொல்றான்னு திட்டுவேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனா, கிட்னில கல்லு. டாக்டரம்மா கேக்கறாங்க, தண்ணியே குடிக்க மாட்டியான்னு. அந்த ஸ்கூலு பாத்ரூம் அவ்ளோ கேவலம். அதுக்குள்ள போவக் கூடாதுன்னு மூணு வருசம் பகல்ல தண்ணியே குடிக்காம படிச்சிக்கிறாமா. நான் நெரப்பிக் குடுத்த பாட்டிலு சாயங்காலம் அப்டியே நெரம்பி வரும். நான் மார்க்கப் பாத்தேன், பாட்டிலப் பாக்கல."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார். ஆன்ட்டி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி வுடு, இன்னும் ஸ்கூலா இல்ல ஊர்ல" என்றார். என் ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் மகாபாரதம். ஊரெல்லாம் தொங்கி வாங்கிய சீட்டை ஒரு பக்கெட் மேல் உட்கார்ந்து கேட்ட பேச்சுக்காக விடுவதா என்று வீட்டுக்காரர் குதித்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. கயல் நன்றாகப் படித்துவிட்டால் அந்தப் பிரச்சினையே வராதே என்றார். அதுவரை பேசாமல் இருந்த கயல் சொன்னாள்:

"அப்பா, அந்த அக்கா நல்லாத்தான் படிக்கறாங்க. நானும் அவங்க மாதிரிதான்ப்பா படிப்பேன்."

அவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். படுக்கப் போகும்போது, "நாளைக்கு ஆன்ட்டிய கூப்பிட்டுக்கிட்டு வேற ஸ்கூல் பாத்துட்டு வாங்க" என்றார்.

கடைசியாகப் பார்த்தது பிரேசர் டவுனில் ஒரு பழைய பள்ளி. ஓட்டுக் கூரை. பேனர் கிடையாது. ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் ஒரு பூனை நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தது, அதை எழுப்ப மனசில்லாமல் எங்களுக்கு ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார்கள். கணக்கு டீச்சர் கல்யாணமாகிப் போய்விட்டார், புதியவர் இன்னும் வரவில்லை. மழை பெய்தால் பாட்டு வகுப்பில் மூன்று இடத்தில் ஒழுகும். இதையெல்லாம் அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவே சொன்னார். கன்னடக்காரர், ஆனால் தமிழ் சரளமாகப் பேசினார்.

கயலின் மார்க்கை நான் தயங்கித் தயங்கி நீட்டினேன்.

"ஐயோ, இதுக்கு ஏன் இஷ்டு, இவ்ளோ பயம்? இங்க முக்கால்வாசிப் பேரு இப்படித்தான். நான் பேனர் போட்டா எல்லார் போட்டோவும் போடணும். துணி பத்தாது மேடம்" என்று சிரித்தார்.

ஆன்ட்டி சுண்டு விரலைத் தூக்கினார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்து கன்னடத்திலும் தமிழிலுமாக அழைத்தார். "பன்னி, பன்னி, வாங்க. நானும் அங்கதான் கிளம்பினேன். நீங்க வந்ததால உக்காந்துட்டேன்."

ஆன்ட்டிக்குப் புரியவில்லை. "உங்களுக்குத் தனியா இல்லியா?"

"இருந்துச்சு. அதுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சாவி, சாவிய தொலைச்சுட்டுத் தேடறது. பேஜாராப் போச்சு. பொண்ணுங்களுக்கே திறந்து விட்டுட்டேன். எனக்கே அங்கதான் போகணும்னா அது சுத்தமா இல்லாம இருக்குமா, சொல்லுங்க?"

நானும் பின்னாலேயே போனேன், இந்தக் காட்சியை விடக் கூடாது என்று. இடைவேளை நேரம். கழிப்பறைக்கு வெளியே பெண்கள் வரிசையாக நின்று கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் போய் வரிசையின் கடைசியில் நின்றார். யாரும் விலகவில்லை, யாரும் பேச்சை நிறுத்தவில்லை. முன்னால் நின்ற வாண்டு ஒன்று திரும்பி, "மிஸ், அர்ஜென்டா? நீங்க வேணா முன்னாடி போங்க" என்றது. "பேடாம்மா, வேணாம், அடக்கற வயசுதான் எனக்கு" என்றார் அவர். ஆன்ட்டி அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

வெளியே வரும்போது ஆன்ட்டி முந்தானையைத் தோளில் தழைய விட்டிருந்தார் என்று சொன்னால் போதாது. அது தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குள் திரும்ப நுழையும்போது அதைக் கவனிக்காமல் மிதித்து, பூனை மேல் விழத் தெரிந்தார்.

கயலை அங்கேயே சேர்த்தோம். முதல் நாளிலிருந்து ஆன்ட்டிக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. கயல் சாயங்காலம் வந்து படியில் கால் வைத்ததும் கீழ் வீட்டிலிருந்து குரல் வரும்: "பாட்டில காட்டு!" கயல் பாட்டிலைத் திறந்து தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் அங்கேயே நின்று குடித்துவிட்டுத்தான் மேலே வரலாம். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டார் முன்னால் கயலுக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் கவிழ்த்துவிட்டு ஒரு சல்யூட்டும் அடிக்க ஆரம்பித்தாள்.

கயல் இப்போது பத்தாவது. மார்க் அதே அறுபதைச் சுற்றித்தான் நடமாடுகிறது. ஆனால் போன தடவை ரிப்போர்ட் கார்டில் அந்தப் பழைய வரி இல்லை. 'வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள், கண்டிக்கவும்' என்று ஹெட்மிஸ்ட்ரஸ் தன் கையாலேயே எழுதியிருந்தார். வீட்டுக்காரர் அதைப் போட்டோ எடுத்துத் தன் மேலதிகாரி உட்பட எல்லோருக்கும் அனுப்பினார்.

ஆன்ட்டியை மகள் கனடாவுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகமாட்டேன் என்று அடம் பிடித்தவர், பேத்தியைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றதும் பெட்டியைக் கட்டிவிட்டார். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கழிப்பறையின் போட்டோ வந்தது. கூடவே ஒரு குரல் பதிவு. போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.

"பாத்ரூம்ல தண்ணி கெடையாதும்மா இங்க, பேப்பர்தான்! எங்க போயி சொல்றது? ஆனா தாப்பா ஷோக்கா கீது. பாஸ் பண்ணி வுட்டேன். பாப்பா பாட்டிலு காலியா வருதா?"

கீழ் போர்ஷனுக்கு இப்போது வேறு ஒரு குடும்பம் வந்திருக்கிறது. நல்ல மனிதர்கள், மெதுவாகப் பேசுகிறார்கள். எனக்கு வீடே நிசப்தமாகிவிட்ட மாதிரி இருக்கிறது. அந்தப் பெரிய குரல் இல்லாத குறையை நான் யாரிடமும் சொல்லவில்லை, கயலும் சொல்லவில்லை.

ஆனால் சாயங்காலம் நான் பால்கனியிலிருந்து பார்க்கிறேன். கயல் முதல் படியில் நின்று, பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கவிழ்க்கிறாள். சொட்டு ஏதாவது விழுந்தால், மிச்சத்தை அங்கேயே நின்று குடித்து முடித்துவிட்டுத்தான் மேலே வருகிறாள்.